கின்சாவில் ஒரு குவியல் கோஸ்

தோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் 1895ல் தொடங்கிய ரெங்காத்தேய் உணவகம் இன்றும் நடக்கிறது. பொரித்த இறைச்சிக்குப் பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸைக் குவித்து வைக்கும் வழக்கம் இங்கிருந்துதான் பரவியது என்பார்கள். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போருக்கு இளம் சமையல்காரர்கள் போய்விட, காய்கறி வேகவைக்க ஆளில்லாமல் பச்சையாகவே நறுக்கி வைத்தார்களாம்.

சைவமான அம்மாவை அழைத்துச் சென்ற எனக்கு அந்தக் குவியல்தான் கைகொடுத்தது. இரண்டு நாளாக வாழைப்பழத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். "பச்சைக் கோஸா? நாம என்ன ஆடா மாடா?" என்றவர், ஒரு வாய் சாப்பிட்டதும் தட்டை நகர்த்தவில்லை. பல தொங்கட்சு கடைகளில் கோஸ் தீர்ந்தால் காசு வாங்காமல் மறுபடியும் வைப்பார்கள். மேலே ஊற்றும் எள் சாஸில் மட்டும் மீன் சாறு இருக்கலாம். சைவர்கள் கேட்டுவிட்டு ஊற்றுவது நல்லது.

வீட்டில் செய்தால் அந்தக் கவலை இல்லை. கேமரன் மலைக் கோஸே போதும். நடுநரம்பை நீக்கி, இலைகளைச் சுருட்டி, நரம்புக்குக் குறுக்கே நூல்போல நறுக்குங்கள். ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் மொறுமொறுவென்று நிமிரும். தண்ணீரை ஒட்ட வடிக்காவிட்டால் சாஸ் நீர்த்துவிடும், இதில் சோம்பல் கூடாது. வறுத்துப் பொடித்த வெள்ளை எள் இரண்டு மேசைக்கரண்டி, சோயா சாஸும் அரிசி வினிகரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி. பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும்.

கடுகு தாளிக்கலாமா என்று அம்மா கேட்டார். நான் விடவில்லை.