காத்திருந்த மந்திரம்

சதுரங்கத்திலே தன் முறை வந்தவன் காயை நகர்த்தியே ஆகவேண்டும். "எதிரி என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு ஆடுகிறேன்" என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை. அந்த உரிமையை ஆடுவோருக்கு வழங்கிவிட்டு, அதற்கு என்ன விலை வைக்கலாம் என்பதைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிவரும் விளையாட்டு ஒன்று உண்டு. டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர்.

அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் ஆக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். இன்னது செய்கிறேன் என்று வாயாற் சொல்வதே ஆட்டம். அது பலித்ததா என்பதைப் பகடை தீர்க்கும். சண்டை மூண்டதும் முறைவரிசை வந்துவிடும். இப்போதைய விதிப்படி ஒரு சுற்று என்பது கதையில் ஆறு வினாடி. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை.

மந்திரவாதியின் நிலை தனியானது. பெரிய மந்திரங்களை ஒரு நாளில் இத்தனை தடவைதான் ஏவலாம் என்று அவனுக்குக் கணக்குண்டு. ஏவிய மந்திரம் நினைவிலிருந்து அழிந்துபோகும் என்பதே பழைய பதிப்புகளின் கொள்கை. ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து அது பெறப்பட்டது. நமக்கு இது புதிதன்று. இந்திரன் ஈந்த சக்தியாயுதத்தை ஒரு தடவையே ஏவலாம் என்பதாற் கர்ணன் அதனை அருச்சுனனுக்கென்று பேணி வைத்திருந்ததையும், ஈற்றில் அது கடோற்கசன்மேற் போனதையும் நம் சிறுவரும் அறிவர்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இருவகைக் காத்திருப்பு இருந்தது. தன் முறையைப் பிந்தவைத்துப் பின்னர் முழுமையாக ஆடலாம். அல்லது "இன்னது நிகழ்ந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டிச் சொல்லி ஆயத்தமாய் நிற்கலாம். அப்படி நிற்பவன் நிகழ்ச்சி நேருமுன்னரே முந்திக்கொள்வான். அவன் மந்திரத்தைத் தொடங்குவதும் அவ்வேளையில்தான். நிகழ்ச்சி நேராவிட்டால் மந்திரம் அவனிடமே இருக்கும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, முறையைப் பிந்தவைப்பதை அடியோடு நீக்கிற்று. "உன் அடுத்த முறை முடியும்வரை" நீடிக்கும் காப்பொன்றை, முறையைத் தள்ளித் தள்ளி நீட்டிக்கொள்ள வழியுண்டல்லவா? அதனை அடைக்க மேலும் விதிகள் வேண்டும், ஆட்டமும் தாமதிக்கும். ஆயத்தமாய் நிற்றல் மட்டும் எஞ்சியது. ஆனால் இப்பதிப்பில் மந்திரத்தை முன்னரே ஏவிவிடவேண்டும். நாட்கணக்கில் ஒன்று அப்பொழுதே குறையும். ஏவிய ஆற்றலை வெளிவிடாமல் மனவொருமையாற் பிடித்து நிற்கவேண்டும். அதுவும் தன் அடுத்த முறை தொடங்கும்வரையே. இடையில் மனம் சிதறினாலும், எதிர்பார்த்தது நிகழாவிட்டாலும் மந்திரம் வீணே.

என் தமக்கையின் மகள் பல்கலைக்கழக மாணவி. விடுமுறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் தம்பியோடும் தோழியரோடும் இதை ஆடுவாள்; விதிநூலை நான் படிக்க நேர்ந்தது அவ்வாறே. அவளுடைய பாத்திரம் ஐந்தாம் படியிலுள்ள மந்திரவாதினி. தீக்கோளம் என்னும் மந்திரம் அவளுக்கு நாளுக்கு இரு தடவையே. ஒன்று செலவாகியிருந்தது. மற்றதை, கதவு திறந்ததும் பகைவர்மேல் விடுவதாகப் பிடித்து வைத்தாள். அதை நம்பித் தம்பியின் போர்வீரன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு, காயம்பட்டுக் கிடந்த தோழனைத் தூக்கச் சென்றான். கதவு திறக்குமுன் மதிலிலிருந்து வந்த அம்பொன்று அவளைத் தைத்தது. மனம் சிதறாதிருக்கப் பத்து வேண்டும். பகடையில் விழுந்தது நான்கு. அவளுக்குரிய கூட்டெண்ணும் காப்பாற்றவில்லை. மந்திரம் கலைந்தது, கதவு திறந்தது. தம்பி இரண்டு ஆண்டுகள் ஆடி வளர்த்த வீரன் அங்கேயே மாண்டான். அன்றிரவு அவன் சாப்பிட வரவில்லை.

"வில்லுக்காரன் பொறுத்திருந்தால் அம்பு அவனிட்டைத்தானே கிடக்குது? நான் பொறுத்திருந்தால் மட்டும் ஏன் மாமா மந்திரம் போகவேணும்?" என்று அவள் என்னிடம் வழக்குரைத்தாள்.

வில்லாளியும் இலவசமாகப் பொறுப்பதில்லை. அந்தப் படியில் தன் முறையில் இரண்டம்பு எய்ய வல்ல வீரன், ஆயத்தமாய் நின்று எய்தால் ஒன்றே எய்யலாம். எனினும் அவன் இழப்புச் சிறிது. மந்திரவாதினியோ கொதிநீர்ப் பானையை இரு கையாலும் ஏந்தி நிற்பவள். தோழரைக் காக்க மனவொருமையால் முன்னரே நிறுத்தியிருந்த மந்திரம் வேறொன்று இருந்தால் அது அக்கணமே விழுந்துவிடும். ஒரு சுற்றில் ஒரேயொரு மறுவினைதான் உண்டு என்பதால், பகைவன் மந்திரத்தைத் தடுக்க அதைச் செலவிட்டால் தீக்கோளத்தை வெளிவிட வழியில்லை. இக்கடுமை எனக்குப் பிடிக்கிறது. பொறுத்திருப்பதற்கு விலையே இல்லையென்றால், மந்திரம் வல்லோர் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பர்.

ஓரிடத்தில் மாத்திரம் எனக்கு உடன்பாடில்லை. 2024இல் திருத்தி வெளியிட்ட விதிகளின்படி, பகைவனின் தடைமந்திரத்தால் ஒருவன் மந்திரம் குலைந்தால் அவன் நாட்கணக்குக் குறைவதில்லை. ஆனால் யாரும் தாக்காமல், மனமும் சிதறாமல், கதவு திறக்கவில்லை என்ற ஒன்றுக்காகவே மந்திரத்தை இழப்பவளுக்கு இச்சலுகை இல்லை. பகைவனிடம் தோற்றவனுக்கு இரங்கும் விதி இவளுக்கும் இரங்கலாகாதா? இதனை இளைஞரிடம் சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ளதே சட்டம் என்று அவர்கள் ஒரே குரலிற் சொல்லிவிட்டார்கள்; வாதியாகிய அவளும் அக்கட்சியே!

கணக்கில் வராத சிறுமந்திரங்களும் அவளிடம் உண்டு. இப்போதெல்லாம் காத்திருக்க நேர்ந்தால் அவற்றுள் ஒன்றான தீயம்பைத்தான் பிடித்து வைக்கிறாள். தீக்கோளத்தைத் தன் முறையிலேயே வீசிவிடுகிறாள். தம்பி புதிய வீரன் ஒருவனைத் தொடங்கியிருக்கிறான். அவன் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று, "அக்கா, எதைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டறிந்த பின்னரே அடியெடுத்து வைக்கிறான்.