முதலில் கடிதம், பிறகு விளக்கு

உங்கள் குடும்பத்தில் கடை வைத்திருப்பவர் யாரேனும் உண்டா? இல்லாமல் இருக்காது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் ஒருவர் மளிகைக் கடை, ஒருவர் சாப்பாட்டுக் கடை, ஒருவர் தையல் கடை என்று பட்டணத்தில் கால் ஊன்றியிருப்பார். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் கடை போட்டவர்களும் நம்மில் உண்டு. என் தம்பி அப்படிப் போனவன்தான். அங்கேயே குடியுரிமை வாங்கி, வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். அந்தக் கடையில் பழைய குழல் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. விளக்குகளை மாட்டினோம். செலவில் பெரும்பகுதி அரசாங்கத்திடமிருந்து திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

விளக்கு மாற்றுவதற்கெல்லாம் அரசாங்கம் பணம் தருமா என்று நீங்கள் கேட்கலாம். தந்தது. சிங்கப்பூரில் 2022-இல் எரிசக்தித் திறன் மானியம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். உணவுக் கடைகள், உணவு தயாரிப்போர், சில்லறை வியாபாரிகள் ஆகியோருக்கு முதலில் கொடுத்தார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, ஏர்கோன், அடுப்பு போன்றவற்றை வாங்கினால், தகுதியான செலவில் 70 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றது. ஒரு கம்பெனிக்கு 30,000 வெள்ளி வரை உச்சவரம்பு இருந்தது. 2024-இல் கட்டுமானம், உற்பத்தி போன்ற வேறு துறைகளுக்கும் அதை விரித்தார்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்து, ஒரு கணக்கர் அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்த் தம்பியின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் மின்சாரப் பில்லைப் புரட்டிக் கொண்டிருந்தபோதுதான் இந்த மானியத்தைப் பற்றி அவனிடம் பேச்சை எடுத்தேன்.

“அக்கா, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு. நம்மள மாதிரி ஆளுக்கு ஒண்ணும் கெடைக்காது” என்றான்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. “கடுதாசியில கையெழுத்து கேட்டா வேணாம்னு சொல்லிடு” என்றார்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? அப்பா வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, ஆபீசில் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். என்னப்பா எழுதியிருந்தது என்று கேட்டேன். “கிராணி வைக்கச் சொன்னாரு, வச்சேன்” என்றார். ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால், வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அப்பா கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. அதைப் படித்துச் சொல்ல அன்றைக்கு லயத்தில் ஆளில்லை. கடுதாசி என்றாலே எதையோ பறித்துக் கொண்டு போவது என்று அம்மா நினைப்பதற்கு அதுதான் காரணம். தம்பிக்கும் அந்தப் பயம் தாய்ப்பாலோடு வந்துவிட்டது.

நான் வாதாடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு கடையில் உள்ள விளக்குகளை எண்ணினேன். சாப்பிடும் கூடத்தில் 24, சமையல் கட்டில் 10, சாமான் அறை, படிக்கட்டு, கழிவறை எல்லாம் சேர்த்து 6. மொத்தம் 40 குழல் விளக்குகள். குழலின் ஓரத்தில் 36 வாட் என்று எழுதியிருக்கும். ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. பழைய விளக்குகளில் ‘சோக்’ என்று ஒரு கனமான பெட்டி இருக்கிறதல்லவா, அது தன் பங்குக்கு ஏறக்குறைய 10 வாட் தின்னும். ஆக ஒரு விளக்குக்கு 46 வாட். கடையில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் விளக்கு எரிகிறது. மாதத்துக்கு 883 யூனிட்! அதே இடத்தில் 16 வாட் எல்.இ.டி. போட்டால் 307 யூனிட்தான். மிச்சம் 576 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் மாதம் 172 வெள்ளி. இந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தம்பியின் கல்லாவில் ஒட்டி வைத்தேன். கடைப் பையன் ஒருவனின் ஒரு வார மீன் செலவு அது என்று அவனே கணக்குப் போட்டுக் கொண்டான்!

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அதே வரிசையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரும் இந்த மானியத்தைக் கேள்விப்பட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு குத்தகைக்காரர், இந்த வாரம் முன்பணம் கட்டினால் விலையில் தள்ளுபடி என்று சொன்னார். இவரும் 500 வெள்ளி கட்டிவிட்டு, சாவகாசமாக விண்ணப்பம் போட்டார். கிடைக்கவில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பணம் கட்டியோ, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோ இருந்தால் மானியம் கிடையாது என்பது விதி. ஏன் இப்படி ஒரு விதி? மானியம் இல்லாவிட்டாலும் நீ வாங்கியிருப்பாய், பிறகு நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கொஞ்சம் கறாரான நியாயந்தான். ஆனால் அதைத் தெரிந்து கொண்டவருக்குப் பணம், தெரியாதவருக்கு நட்டம். ஆகவே முன்பணம் கேட்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், கையை மடக்கி வைத்துக் கொள்ளுங்கள். அவரிடம் வாங்க வேண்டியது விலைப்புள்ளி மட்டும்.

அந்த விலைப்புள்ளியும் ‘விளக்கு வேலை, இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் இருந்தால் பிரயோசனமில்லை. விளக்கின் மாடல் எண், எத்தனை, ஒன்றின் விலை, மாட்டும் கூலி எல்லாம் தனித்தனியே வேண்டும். அந்த மாடல் மானியத்துக்குத் தகுதி பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்த விலை 2,400 வெள்ளி. ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு சேர்த்து 2,616. அந்த வரிப் பணம் மானியக் கணக்கில் சேராது.

விண்ணப்பம் இணையத்தில்தான். கம்பெனியில் குறைந்தது 30 விழுக்காடு பங்கு உள்ளூர்க்காரருடையதாக இருக்க வேண்டும். தம்பியின் கம்பெனிக்கு அதில் சிக்கல் இல்லை. நான் தட்டச்சு செய்ய, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் தன் சிங்பாஸைத் திறந்து காட்டினால்தான் அந்த வாசல் திறக்கும். மதியக் கூட்டம் முடிந்து, மாலைத் தேநீர்க் கூட்டம் வருவதற்குள் இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தோம். முதல் நாள் அவன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடுப்பைப் பார்க்க எழுந்து ஓடினான். இரண்டாம் நாள் அவனே “அந்த விற்பனைத் தொகை சரியா போட்டியா அக்கா?” என்று கேட்டான்.

ஒப்புதல் கடிதம் வந்தது. 1,680 வெள்ளி. கடிதத்தை ஏற்றுக் கொண்டு, எந்தத் தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்த பிறகுதான் சாமானுக்குச் சொன்னோம். கழற்றுவதற்கு முன் பழைய விளக்குகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். புதியவற்றை மாட்டிய பிறகு அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுத்தேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சிலர் பழைய சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, எல்.இ.டி. குழலை மட்டும் செருகிவிட்டுப் போவார்கள். சோக் உள்ளேயே கிடக்கும், தன் பங்கைத் தின்று கொண்டே இருக்கும். சட்டத்தோடு மாற்றுங்கள், அதுவும் உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து. சமையல் கட்டுக்கு மூடியுள்ள விளக்காக வாங்குவது நல்லது. இல்லையென்றால் எண்ணெய்ப் புகை படிந்து ஆறே மாதத்தில் மங்கிப் போகும்.

நிறத்திலும் ஏமாந்துவிடக் கூடாது. தம்பிக்குப் பளீரென்ற நீல வெள்ளை வெளிச்சம்தான் பிடித்தது. மாதிரிக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தோம். இலையில் வைத்த சாம்பார் வெளுத்து, மீன் குழம்பு காய்ச்சல்காரன் முகம் மாதிரி தெரிந்தது! “இதைப் பார்த்தா எவன் சாப்பிடுவான்?” என்று அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். 6500 என்று எழுதியதை விட்டுவிட்டு 4000 என்று எழுதியதை வாங்கினோம். சாப்பாடு சாப்பாடாகத் தெரிந்தது.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுத்தோம். பணம் போன தடம் வங்கி அறிக்கையில் இருக்குமல்லவா? பில் வந்தபோது குத்தகைக்காரர் கடைப் பலகையில் உள்ள பெயரை எழுதியிருந்தார். கம்பெனியின் பதிவுப் பெயர் வேறு. நான் திருப்பிக் கொடுத்து, பதிவுப் பெயரில் எழுதச் சொன்னேன். “ஒரே ஆள்தானே அம்மா!” என்று அலுத்துக் கொண்டார். ஆள் ஒன்றுதான். பெயர் வேறாக இருந்தால் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்த மானியம் முதலில் கையில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2,616 வெள்ளியையும் நாம் முதலில் கட்ட வேண்டும். பிறகு பில், பணம் கட்டிய சான்று, படங்கள் எல்லாவற்றையும் கொடுத்துக் கேட்க வேண்டும். கையில் காசில்லாத கடைக்காரருக்கு இது பெரிய தடை. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் குறை இதுதான். தம்பி குடும்பச் சீட்டுப் பணத்தை எடுத்துச் சமாளித்தான். ஏழு வாரம் கழித்துக் கம்பெனிக் கணக்கில் 1,680 வெள்ளி விழுந்தது. வங்கி அறிக்கையை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு யாரு கைநாட்டு வச்சா?” என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை, படித்துப் பார்த்துத் தம்பியே கையெழுத்துப் போட்டான் என்றேன்.

கழற்றிய குழல்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஆகாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். இந்தப் பாதரசத்தின் காரணமாகவே, மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, குழல் விளக்கு செய்வதையும் நாடு விட்டு நாடு அனுப்புவதையும் 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்தன. இன்றைக்கு மாற்றாதவரும் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மலேசியாவில் கடை வைத்திருப்பவர்கள், எங்களுக்கு என்ன என்று கேட்பது காதில் விழுகிறது. இங்கே வழி வேறு. பசுமை முதலீட்டு வரிச் சலுகை என்று ஒன்றை 2014-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அது கம்பெனிகளுக்கு உரியது, பணமாக வராது, வருமானவரிக் கணக்கில்தான் கழியும். தனி ஆளாகப் பதிந்து கடை நடத்தும் நம்மவர்களுக்கு அதனால் பயனில்லை. ஆனால் 2025 ஜூலையில் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்த மின்கட்டண முறையில், மாதம் 200 யூனிட்டுக்குள் அடங்கும் சிறு கடைகளுக்குப் பில்லிலேயே ஊக்கக் கழிவு வைத்தார்கள். விண்ணப்பமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். 200-ஐத் தாண்டினால் கழிவு இல்லை.

கூலாயில் தையல் கடை வைத்திருக்கும் என் நாத்தனாரின் பில் 240 யூனிட்டில் நின்றது. கடையில் 8 குழல் விளக்குகள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள். பேப்பரில் போட்டுப் பார்த்தேன், எல்.இ.டி. போட்டால் 62 யூனிட் குறையும். மாற்றிய அடுத்த மாதம் 178 யூனிட் வந்தது, கழிவும் வந்தது. தீபாவளி நெருங்கினால் இரவு வேலை ஏறிவிடும், அப்போது இஸ்திரிப் பெட்டியை அடக்கி வைக்க வேண்டும் அண்ணி, என்கிறாள்.