வளவின் வெளிச்சமும் ஒரு சிறு காமிராவும்

செட்டிநாட்டு வீட்டினுள் வெயில் நேராக நுழைவதில்லை. வானம் பார்த்த முற்றத்தில் இறங்கி, வளவின் தூண்களைக் கடந்து, சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர்களில் பட்டுத் திரும்பி, அதன் பின்னரே உள்ளே வந்து சேர்கிறது. தெருவில் சித்திரை வெயில் கண்ணைக் கூசச் செய்யும் வேளையிலும் அகத்தே ஒரு மங்கிய தண்மை தங்கியிருப்பதற்கு இதுவே காரணம். கோட்டையூரில் அத்தகைய வீடு ஒன்றை, அதற்கே உரிய ஒளியில் படமெடுத்துத் தருமாறு நகரத்தார் நண்பர் ஒருவர் நம்மை வேண்டினார். அப்பணிக்கு ஏற்ற சிறு பிலிம் காமிரா எது என்று ஆராய்ந்ததில் நாம் அறிந்தவற்றை வாசகர்முன் வைப்பது பயன் தருமென எண்ணுகிறோம்.

வேண்டுகோளுக்குப் பின்னே ஒரு துயரம் இருந்தது. பங்காளிகள் பலருக்கும் உரிமையான அவ்வீட்டைப் பிரித்து விற்பதென முடிவாகியிருந்தது. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. ஆயினும் பட்டியல் வேறு, பங்கு வேறு. மராமத்துச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் விற்றுவிடுகின்றன. இவ்வீட்டில் எஞ்சியிருந்தவர் வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் மட்டுமே. படமெடுக்க அவரிடம் அனுமதி கேட்டபோது, "லைட்டு அடிக்காம எடுக்கிறதா இருந்தா எடுங்க தம்பி. கண்ணு ஆப்பரேசன் பண்ணினது, தாங்காது" என்றார். ஆக, பிளாஷ் கூடாது என்பது நம் கலைக்கொள்கையாகத் தொடங்கவில்லை. ஆச்சியின் கட்டளையாகவே வந்தது.

கைப்பேசி இருக்கப் பிலிம் எதற்கு என்று கேட்கலாம். இன்றைய கைப்பேசிகள் இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, அந்தியைப் பகலாக்கித் தந்துவிடுகின்றன. நண்பர் கேட்டதோ அந்தியை. மேலும், கோட்டையூர் பிலிமின் அருமை அறியாத ஊரன்று. அவ்வூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும், அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தபோது, நொறுங்கும் தாள்களைக் காக்க மேற்கொண்ட வழிகளுள் மைக்ரோபிலிம் முதன்மையானது. குளிர்ந்து உலர்ந்த இடத்தில் வைத்தால் கறுப்பு வெள்ளை நெகடிவ் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். அதைப் படிக்க ஒரு விளக்கு இருந்தால் போதும்.

காமிராவின் அடிப்படையும் ஓர் இருட்டு வீடுதான். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இருண்ட அறையின் சிறு துவாரம் வழியே ஒளி புகும் விதத்தைச் சோதித்து எழுதினார். துவாரம் சிறுத்தால் உருவம் தெளியும், ஒளி குன்றும். துவாரம் பெருத்தால் ஒளி மிகும், உருவம் கலங்கும். லென்ஸ் வந்தபின் இந்தக் கணக்கு மிருதுவாயிற்றே தவிர, மறையவில்லை.

குறைந்த ஒளியில் மூன்று செல்வங்களே நம் கையில் உள்ளன: லென்ஸின் துவாரம், பிலிமின் வேகம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். எஃப்/1.7 துவாரமுள்ள லென்ஸ் எஃப்/2.8 லென்ஸைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப்/3.5 லென்ஸ் பெறுவதோ எஃப்/2.8 பெறுவதில் மூன்றில் இரு பங்குதான். 35 அல்லது 40 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, நொடியில் முப்பதில் ஒரு பங்கு பொதுவான எல்லை. மூச்சடக்கித் தூணில் சாய்ந்து நின்றால் பதினைந்தில் ஒரு பங்குக்கும் இறங்கலாம்.

இக்கணக்கோடு காமிராக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிங்கப்பூர் சபராளிகள் கொண்டுவந்த பொருள்களோடு நம் ஊர்களுக்கும் வந்த ரோலை 35, 1966-இல் ஜெர்மனியில் பிறந்து, பின்னர் சிங்கப்பூரிலும் உருவானது. இயந்திர ஷட்டர், மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே வேண்டும். ஆயினும் பரவலாகக் கிடைக்கும் வகையின் துவாரம் எஃப்/3.5, தூரத்தையும் கண்மதிப்பாகவே வைக்க வேண்டும். கேனனெட் கியூ.எல். 17-க்கு எஃப்/1.7 என்னும் பெருந்துவாரம் உண்டு, மின்கலமின்றியும் இயங்கும். ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் எடை. சட்டைப் பையில் அடங்காது. ஒலிம்பஸ் மியூ-2 கைக்கு அடக்கமானது, எஃப்/2.8 லென்ஸும் நல்லது. எனினும் மூடித் திறக்கும்போதெல்லாம் பிளாஷ் தானியங்கு நிலைக்குத் திரும்பிவிடும். ஒருமுறை அதை அணைக்க மறந்தால் ஆச்சியின் கண்ணில் மின்னல் வெட்டும். இத்தகைய வேலைக்கென்றே ஃபியூஜி நிறுவனம் செய்த நேச்சுரா பிளாக், எஃப்/1.9 துவாரமும் 24 மில்லிமீட்டர் அகலப் பார்வையும் உடையது. வேகமான பிலிமை இட்டால் பிளாஷைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதற்குத் துணையாக வந்த 1600 வேகப் பிலிம் இன்று தயாரிப்பில் இல்லை. காமிராவின் விலையோ நம் கைக்கு எட்டாதது.

நாம் தேர்ந்தது 1979-இல் வெளிவந்த ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. மைத்தானி என்னும் ஜப்பானியப் பொறியாளர் வகுத்தது, எடை கால் கிலோவுக்கும் குறைவு, துவாரம் எஃப்/2.8. இதன் பிளாஷ் தனியாகக் கழற்றக்கூடியது; அதை வீட்டிலேயே விட்டுச் சென்றால் மறதிக்கு இடமே இல்லை. துவாரத்தை நாம் வைத்தால் நேரத்தை அது வைக்கும். பத்து நொடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கவும் அறியும். அடியில் உள்ள சிறு நெம்புகோல் முற்றத்து வானம் பின்னால் பளிச்சிடும்போது ஒன்றரை நிலை ஒளியைக் கூட்டித் தரும். தானியங்கு நேரக்காட்டியாக நின்று, விரல் படாமலே ஷட்டரைத் திறக்கவும் உதவும். மின்கலமோ கைக்கடிகாரக் கடையில் கிடைப்பது.

எஃப்/1.7 லென்ஸை விட்டுக்கொடுத்தது நட்டமா என்றால், முழு நட்டமன்று. மூன்று மீட்டர் தொலைவிலுள்ள ஒருவரைப் படமெடுத்தால், கேனனெட்டின் பெருந்துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். எக்ஸ்.ஏ.யின் எஃப்/2.8-இல் அது ஒன்றேகால் மீட்டர். ஆச்சியும் அவர் சாய்ந்திருக்கும் தூணும் ஒருங்கே தெரிய வேண்டுமெனில் பின்னதே மேல். குறைந்த ஒளியைப் பிலிமில் ஈடுகட்டினோம். 400 வேகமுள்ள இல்ஃபோர்டு எச்.பி.5 பிலிமை 800 என வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டினோம். இப்படிச் செய்கையில் கரும்பகுதிகள் மேலும் கருக்கும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இல்லாத ஒளியை மருந்து உண்டாக்காது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வேலை செய்தோம். ஆச்சி இரண்டாங்கட்டில் அமர்ந்து பனையோலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்தார். ஒளிமானியோடு வீடு முழுதும் சுற்றியபின் நாம் கண்டது இதுதான்: ஓலை இழை தெரியுமளவு வெளிச்சம் எங்குள்ளதோ அங்கே அவர் முன்னமே அமர்ந்திருந்தார். வெயில் நகர நகர அவரும் சிறிது சிறிதாக நகர்ந்தார். அறுபதாண்டுப் பழக்கம் ஒளிமானியை வென்றது. நாமும் கருவியைப் பையில் போட்டுவிட்டு அவரையே பின்தொடர்ந்தோம்.

முடையும் விரல்கள் ஓய்வதில்லை. முப்பதில் ஒரு நொடியில் அவை கலங்கிவிடும். எவ்வளவு அசையாமல் பிடித்தாலும் இக்குறை தீராது. ஆனால் அடுத்த ஓலையை எடுக்குமுன் அவர் கை ஒரு கணம் நிற்கும். அக்கணத்திற்காகக் காத்திருந்தோம். பெருந்துவாரம் தரும் ஒளியில் ஒரு பகுதியைப் பொறுமையும் தரும் என்பதை அன்று அறிந்தோம். இருள் கூடியதும் காமிராவைத் தரையில் வைத்து நேரக்காட்டியை இயக்கி, நொடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து, ஆளற்ற வளவையும் எடுத்தோம்.

36 படங்களில் 19 தேறின. அச்சிட்டுக் கொண்டுசென்றபோது ஆச்சி ஒவ்வொன்றையும் சன்னலருகே பிடித்துப் பார்த்தார். "ஆமா, நம்ம வீடு இப்படித்தான் இருட்டா இருக்கும்" என்றார். நாம் பெற்ற பாராட்டுகளில் இதற்கு இணையானது வேறில்லை. சில மாதங்களில் வீடு பிரிக்கப்பட்டது. தூண்கள் காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவிற்குச் சென்றன. ஆச்சி பேரன் வீட்டிற்குச் சென்றார். தூண்களை விலை கொடுத்து வாங்கியவருக்கு, அவற்றினூடே வந்த வெளிச்சம் கிடைத்திராது. அது அந்த நெகடிவ்களில் மட்டுமே உள்ளது.

பழைய காமிரா வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். லென்ஸினூடே விளக்கைப் பார்த்துப் பூஞ்சை படர்ந்துள்ளதா எனச் சோதியுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதில் பிடிக்கும். பின்கதவின் ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்தால் மாற்றுங்கள். அவ்வழியே ஒளி கசியும். மின்னணு ஷட்டர் பழுதானால் செப்பனிடுவது கடினம்; ஆகவே இருட்டிலும் வெளிச்சத்திலும் இயக்கிப் பார்த்தே பணம் கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, படமெடுக்கப்போகும் இடத்தில் ஒரு மாலை முழுதும் வெறுங்கையோடு அமர்ந்திருங்கள். அங்கு ஒளி எவ்வளவு, அங்கு வாழ்வோர் எதைத் தாங்குவர் என்பது தெரிந்துவிட்டால், வாங்க வேண்டிய காமிரா எது என்பதில் பாதி முடிவாகிவிடும்.