கதை, காடு, சரக்கு

கதை எழுதிப் பிழைக்கிறவன் வீடியோ கேம் ஆடுவது பற்றி நம் ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன. அது அவனுக்கு அடுக்காது என்பது ஒன்று. பாவம், கற்பனை வறண்டு போய்விட்டது, அதனால்தான் ஆடுகிறான் என்பது மற்றொன்று. இரண்டையும் என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. எப்படியானாலும் நான் ஆடுகிறவன். இரவு சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு, எழுத்து ஓடாத நாட்களில் ஒரு மணி நேரமும், ஓடிய நாட்களில் இரண்டு மணி நேரமும் ஆடுகிறேன். சீட்டாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் யாரும் சமாதானம் கேட்பதில்லை. ஆகவே இதற்கும் நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. எதைத் தேடிக்கொண்டு ஆடுகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த விளையாட்டுகளை விலை போட்டு வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களை நிறுத்துப் பார்ப்பார்கள். கதை எப்படி? சுற்றித் திரிய இடம் எவ்வளவு? செய்வதற்குச் சரக்கு எவ்வளவு? 'கன்டென்ட்' என்று அவர்கள் சொல்வதைத்தான் சரக்கு என்கிறேன். மளிகைக் கடைக்காரர் சொல்லும் அதே பொருளில்தான். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையும் சுற்றித் திரிதலும் உண்மையில் ஒன்றுதான். மூன்றாவதாகிய சரக்கு, அளவு மீறினால் இரண்டுக்கும் சத்துரு.

இந்தக் கலையின் பிறப்பைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்காவில் வில் கிரௌதர் என்ற கம்ப்யூட்டர் நிபுணருக்குக் குகைகளில் பைத்தியம். கென்டக்கி மாகாணத்து மம்மத் குகைக்குள் இறங்கி, அளந்து, படம் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1970களின் நடுவில், மனைவியைப் பிரிந்திருந்த காலத்தில், தம்முடைய பெண் குழந்தைகள் ஆடுவதற்காக அவர் ஒரு விளையாட்டை எழுதினார். அதில் படம் கிடையாது, வெறும் எழுத்துத்தான். இருக்கும் இடத்தின் வருணனை வரும். கிழக்கே, மேற்கே, கீழே என்று தட்டினால் அடுத்த இடத்தின் வருணனை வரும். 1977ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்த டான் வுட்ஸ் என்பவர் அதை எடுத்து விரிவாக்கினார். இன்றைக்கு உலகமெங்கும் 'அட்வென்ச்சர்' என்ற பெயரில் வருகிற விளையாட்டுகளுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அதில் கதை என்று கேட்டால், குகைக்குள் புதையல் எடுப்பது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் இருட்டும் வளைவும் ஏற்ற இறக்கமும் அந்த மனிதர் தம் முழங்கால் தேயத் தவழ்ந்து கண்டவை. பிரிந்திருக்கும் ஒரு தகப்பன், தனக்குத் தெரிந்த ஓர் இடத்துக்குக் குழந்தைகளைக் கைபிடித்து அழைத்துப் போகிறான். இதைவிடக் கதை என்ன வேண்டும்?

ஜப்பானிலும் இப்படித்தான். க்யோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற ஊரில் வளர்ந்த ஷிகேரு மியாமோட்டோ, சிறு வயதில் காடு மேடெல்லாம் அலைந்தவர். ஒரு குகையைக் கண்டு, பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். 1986ல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜன்ட் ஆஃப் ஸெல்டா'வுக்கு அந்த அலைச்சலே விதை. விளையாட்டு ஆரம்பிக்கும்போது கையில் வாள் கூட இல்லாமல் ஒரு சிறுவன் வெட்ட வெளியில் நிற்பான். பக்கத்தில் ஒரு குகை வாயில் இருக்கும். போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். போகாமலும் இருக்க முடியாது.

ஆனால் வழி காட்டுவதிலும் ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது. 2002ல் வந்த 'மாரோவிண்ட்' என்ற விளையாட்டில் ஒருவரைத் தேடிப் போக வேண்டுமானால், ஊராரைக் கேட்டுத்தான் போகவேண்டும். பாலத்தைத் தாண்டு, பாதை பிரியும் இடத்தில் வடக்கே திரும்பு, மலையை ஒட்டிப் போ என்பது போலச் சொல்லுவார்கள். சில சமயம் தப்பாகவும் சொல்லுவார்கள். நம் கிராமங்களில், "அதோ தெரிகிறதே ஆலமரம், அதுக்குப் பீச்சாங்கைப் பக்கம்" என்று சொல்லி, கூப்பிடு தூரம் என்றதை இரண்டு மைல் நடக்க வைப்பார்களே, அந்த மாதிரி. நான்கு வருஷம் கழித்து, 2006ல், அதே கம்பெனி 'ஆப்ளிவியன்' என்ற அடுத்த விளையாட்டைக் கொண்டுவந்தது. அதில் திரையின் அடியில் ஒரு திசைகாட்டி. போக வேண்டிய இடத்தை அதில் ஒரு குறி காட்டிக்கொண்டே இருக்கும். சௌகரியம்தான்; நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னதில் என் கண் ஆலமரத்தைத் தேடியது. பின்னதில் என் கண் குறியைத் தேடியது. சுற்றிலும் எத்தனையோ சித்திரக்காரர்கள் கண் விழித்துத் தீட்டிய மலையும் ஏரியும் இருக்க, நான் கட்டை விரல் நகத்தளவு அடையாளம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

கதைக்கு வருகிறேன். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டாக்கிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஃபுமிடோ உவேடா என்ற ஜப்பானியர் 2005ல் தந்த 'ஷாடோ ஆஃப் தி கொலோஸஸ்'. இறந்து போன ஒரு பெண்ணைக் குதிரை மேல் கிடத்தி, நீண்ட பாலம் ஒன்றைக் கடந்து, ஓர் இளைஞன் பாழடைந்த கோவிலுக்கு வருகிறான். அந்த நாட்டில் திரியும் பதினாறு பேருருவங்களை வீழ்த்தினால் அவள் பிழைக்கக் கூடும் என்று ஓர் அசரீரி சொல்கிறது. அவ்வளவுதான் கதை. பதினாறைத் தவிர வேறு எதிரி இல்லை. ஊர் இல்லை, கடை இல்லை, வழிப்போக்கர் இல்லை. வெயிலில் வாளைத் தூக்கிப் பிடித்தால் ஒளி குவிந்து திசை காட்டும், நிழலில் காட்டாது. மற்றபடி புல்வெளி, பாறை, காற்று, குதிரையின் குளம்பொலி.

முதல் பேருருவம் விழுந்தபோது நான் ஜெயபேரிகையை எதிர்பார்த்தேன். வந்தது ஒப்பாரி போன்ற ஒரு சங்கீதம். அடுத்ததற்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் வெறும் நிலம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கதை நடந்தது. இது என்ன பாவம் செய்தது, இதை ஏன் கொன்றேன் என்று யோசிப்பதற்கு அந்த நிலம் இடம் கொடுத்தது. பின்னால் ஒரு பேருருவம் வருகிறது; வானத்தில் மிதந்து திரிவது. அது நம்மைத் தாக்குவதே இல்லை. நாம்தான் துரத்திப் போய்க் கொல்லவேண்டும். நாவலில் கதாநாயகன் கொலை செய்தால் வாசகர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "அடப் பாவி!" என்று அவனைச் சொல்லலாம். இங்கே யாரைச் சொல்வது? பொத்தானை அழுத்தியது என் விரல். எத்தனை அத்தியாயம் எழுதினாலும் என் பேனாவால் வாசகர் கையில் அந்தக் கறையை ஒட்டவைக்க முடியாது. பொறாமைக்குக் காரணம் இதுதான்.

எழுத்துக்கு இங்கே இடமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எஸ்டோனியா தேசத்து ராபர்ட் குர்விட்ஸ் 2013ல் ஒரு நாவல் வெளியிட்டார். அது அதிகம் விற்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்காக அவரும் நண்பர்களும் முன்பே கற்பனை செய்திருந்த உலகத்தை எடுத்துக்கொண்டு, 2019ல் 'டிஸ்கோ எலிஸியம்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு போலீஸ் துப்பறிவாளன் ஒரு கொலையை விசாரிக்கிறான். சண்டை என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் பேச்சுத்தான். பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல் இருக்கின்றன. நடப்பது ஒரு துறைமுகத்தை ஒட்டிய சிறு பேட்டையில். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சீக்கிரமே நடந்துவிடலாம். ஆனாலும் அந்தப் பேட்டை பெரியதாக இருக்கிறது. ஒவ்வொரு ஆளும் ஒரு தெரு. ஒவ்வொரு பேச்சும் ஒரு சந்து. விற்காத நாவலாசிரியன் ஒருவன் இப்படி உலகத்தின் காதைப் பிடித்து இழுத்தான் என்பதில் எங்கள் ஜாதிக்கே ஒரு திருப்தி.

இனிச் சரக்கு. 1996ல் வந்த 'டாகர்ஃபால்' என்ற விளையாட்டில் ஊரும் கிராமமும் பாழடைந்த கோட்டையுமாகச் சுமார் 15,000 இடங்கள் உண்டு. பெரும்பாலும் மெஷின் கணக்குப் போட்டு அடுக்கியவை. 2016ல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யில் இருக்கும் கிரகங்களின் எண்ணிக்கை இரண்டை அறுபத்து நாலு தடவை பெருக்கினால் வருவது. 18க்குப் பின்னால் பதினெட்டு இலக்கங்கள். ஒரு கிரகத்துக்கு ஒரு வினாடி என்று எட்டிப் பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதலில் வாங்கியவர்களில் பலர் ஏமாற்றத்தில் கொதித்தார்கள். பத்துக் கிரகம் பார்த்ததும் பதினோராவது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் ஓடி ஒளியாமல், வருஷக் கணக்கில் உழைத்து, மேலும் மேலும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்து நல்ல பெயரை மீட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மீட்டது கிரகங்களின் எண்ணிக்கை அல்ல.

எங்கள் தொழிலுக்கும் இந்த வியாதி புதிதல்ல. என் தொடர்கதை ஒன்று முடியும் தறுவாயில் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், "இன்னும் பத்து வாரம் இழுங்கள், ஸார்!" என்றார். கதாநாயகியைக் காசிக்கு அனுப்பித் திரும்ப அழைத்தால் பத்து வாரம் ஓடிவிடும் என்று யோசனையும் சொன்னார். நான் 32ஆம் வாரத்திலேயே முற்றும் போட்டேன். காசிக்குப் போகாத அந்தப் பெண் இன்னும் சில வாசகர்களுக்கு நினைவிருக்கிறாள்.

இந்த விஷயத்தில் என் தமக்கை மகனுக்கும் எனக்கும் ஓயாத வழக்கு. 2017ல் வந்த ஸெல்டா விளையாட்டான 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'டில், மரத்தடியிலும் மலை உச்சியிலும் ஒளிந்துகொண்டிருக்கும் வனக் குட்டிகள் 900. கண்டுபிடித்தால் ஆளுக்கு ஒரு விதை தரும். விதைகளைக் கொடுத்துப் பையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதற்கு 441 போதும். 900ஐயும் சேர்த்தவனுக்குக் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில், சாணி உருண்டை மாதிரி ஒரு வஸ்து. விளையாட்டைச் செய்தவர்களின் குறும்பு அது என்பது என் கட்சி. வழியில் தற்செயலாகக் கண்டால் சந்தோஷப்படு. பட்டியல் போட்டுத் தேடாதே என்று சொல்லாமல் சொல்கிறார்கள். பையனோ விடிய விடிய உட்கார்ந்து, "இன்னும் 37 பாக்கி, மாமா!" என்பான். இதென்ன, ரிஜிஸ்டர் சரிபார்க்கிற வேலையா என்று கேட்டேன்.

"ஏன் மாமா, நீங்கள் பிள்ளையாரை 108 சுற்றுச் சுற்றவில்லையா?" என்றான். 

நல்ல கேள்விதான். அதைவிட நல்ல கேள்வியும் அவனிடம் இருந்தது. "ஒரு கேம் நாலாயிரம், ஐயாயிரம் ஆகிறது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் என்னால் வாங்க முடியும். அது சீக்கிரம் தீர்ந்துபோனால் நான் என்ன செய்ய?" என்றான். இதற்கு நான் ஏளனமாகப் பதில் சொல்ல முடியாது. லைப்ரரியில் இருப்பதிலேயே தடிமனான புத்தகமாகப் பார்த்து எடுத்த பள்ளிக்கூடத்துப் பையன்தானே நானும்? காசைப் பார்த்துச் செலவு செய்கிறவன் மணிக் கணக்குப் பார்ப்பது பேராசை அல்ல. ஆனால் அந்த நியாயமான கவலையைத் தெரிந்துகொண்டு, அரிசியில் கல்லைக் கலந்து எடையைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, என் கோபம் அவர்கள் மேல்.

பையனுக்கு நான் கொடுத்த பதில் இன்னொரு விளையாட்டு. 2019ல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. கலிபோர்னியாவில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவர் படிப்புக்காகச் செய்யத் தொடங்கி வளர்ந்தது அது. ஒரு சூரியன், கைவிரல்களால் எண்ணிவிடக் கூடிய சில சிறு கிரகங்கள், ஒட்டுப் போட்ட ஒரு விண்கலம். 22 நிமிஷத்தில் சூரியன் வெடித்துவிடும். கண் விழித்தால் பழையபடி ஆரம்பம். சேர்த்து வைக்க அதில் பணம் இல்லை, ஆயுதம் இல்லை. எப்போதோ மறைந்து போன ஒரு ஜாதியார் சுவர்களில் எழுதி வைத்ததைப் படித்துப் படித்து, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது ஒன்றுதான் சம்பாத்தியம். எல்லாம் தெரிந்தவன் ஒரே 22 நிமிஷச் சுற்றில் முடித்துவிடலாம். தெரியாதவனுக்குப் பல இரவுகள் ஆகும். அங்கே கதை எது, ஊர் சுற்றல் எது என்று பிரித்துக் காட்டுகிறவருக்கு நான் தோற்றேன்.

அதில் ஒரு சங்கடமும் உண்டு. தெரிந்துகொண்டதை மறக்க முடியாது. ஆகவே அதை இரண்டாம் தடவை ஆட முடியாது. பையன் ஆடும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "இங்கே போகணுமா, மாமா?" என்று கேட்பான். நான் வாயைத் திறப்பதில்லை. 900 விதை பொறுக்கிய அந்தப் பையன் ஒரு சுவருக்கு முன்னால் பத்து நிமிஷம் அசையாமல் நின்று படித்தான். பிறகு, "ஐயோ பாவம்!" என்றான். எப்போதோ மறைந்தவர்களுக்காக. அந்த இரண்டு வார்த்தைக்கு ஆன நாழிகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாற்பதைத் தாண்டியவனுக்குப் பொழுதின் விலை தெரியும். ஆகவே எனக்கென்று ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். ஒரு விளையாட்டை முடித்து ஆறு மாதம் ஆன பிறகு, அந்த நாட்டுக்குப் புதிதாகப் போகிற ஒருவருக்கு என்னால் வழி சொல்ல முடிகிறதா? பாலத்தைத் தாண்டு, பாறை இடுக்கில் திரும்பு, அங்கே காற்று பலமாக அடிக்கும், பயப்படாதே என்று என்னால் சொல்ல முடிந்தால், நான் அங்கே போய் வந்தவன். சொல்ல முடியாவிட்டால், எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும், நான் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.