வாரம் ஒரு மாத்திரை

"இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே!" மருந்துக் கடையில் யாரோ ஒருவர் உதிர்த்த இச்சொல் எங்கள் குடும்பத்தின் அமைதியைக் குலைத்துவிட்டது. முடக்குவாதத்தால் அல்லலுறும் எங்கள் மூத்த சகோதரிக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். அன்றே அக்காள் அதை நிறுத்திவிட்டார். "கை கோணினால் கோணட்டும், புற்றுநோயை விலை கொடுத்து வாங்க மாட்டேன்" என்றார். உடன்பிறந்தார் நாங்கள் மூவரும் எவ்வளவோ எடுத்துரைத்தும் பயனில்லை. இரண்டு மாதங்களில், காலையில் காப்பித் தம்ளரைப் பற்றவும் அவர் விரல்கள் மறுத்தன.

கடையில் நின்றவர் பொய் சொல்லவில்லை. அம்மருந்து முதலில் புற்றுநோய்க்கென்றே பயன்பட்டது. (அமெரிக்காவில் அதனை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை எத்தனை பேர் அறிவர்?) ஆனால் புற்றுநோய்க்கு நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான மில்லிகிராம்கூடச் செலுத்துவதுண்டு, முடக்குவாதத்திற்கோ பெரும்பாலும் வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். அதையும் வாரத்தில் ஒரே நாளில் உட்கொள்ள வேண்டும். மறதியாக நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

அக்காளை ஒருவாறு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சொன்னது எங்களைத் திகைக்க வைத்தது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு என்பது மெய்யே. ஆனால் முதற்குற்றவாளி மருந்தன்று, நோயேதான். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் அழற்சி அடங்காதிருந்தால், அவ்வணுக்கள் ஓய்வின்றிப் பெருகிக்கொண்டே இருக்கும். அந்தப் பெருக்கத்தில் என்றேனும் ஓர் அணு தடம் புரளக்கூடும். ஸ்வீடன் நாட்டில் நிணநீர்ப் புற்று கண்ட 378 முடக்குவாத நோயாளரை, அப்புற்று இல்லாத 378 முடக்குவாத நோயாளரோடு ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: அழற்சி நெடுங்காலம் கடுமையாக இருந்தவர்களிடமே ஆபத்து மிகுந்திருந்தது. ஆக, நம் அக்காள் எதற்கு அஞ்சி மாத்திரையை ஒதுக்கினாரோ, அதற்கே கதவைத் திறந்து வைத்திருந்தார்!

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. மிக அரிதாக, இம்மருந்து உட்கொள்வோரிடமும் நிணநீர்க் கட்டி தோன்றுவதுண்டு. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு அது கரைந்துவிடும். எனவே கழுத்திலோ அக்குளிலோ கரையாத கட்டி, காரணமின்றி உடல் மெலிதல், இரவில் ஆடை நனையும் வியர்வை ஆகியவற்றைக் கண்டால் உடனே வரச் சொன்னார். மார்பகப் புற்றும் பெருங்குடற் புற்றும் இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படவில்லை என்றது சற்றே ஆறுதல். நுரையீரற் புற்றோ மிகுதி. புகைபிடித்தல் முடக்குவாதத்தையும் தூண்டும், நுரையீரலையும் கெடுக்கும் என்றார். பிறர் விடும் புகையும் தீங்கே என்றார்.

அக்காள் இப்போது புதன்கிழமைதோறும் மாத்திரை உட்கொள்கிறார். நாட்காட்டியில் தம் கையாலேயே கோடிடுகிறார். அத்தானின் சிகரெட்டுதான் வீட்டுக்கு வெளியே போய்விட்டது. மழையானாலும் தெருமுனைக்கே போக வேண்டும் என்பது அக்காள் கட்டளை.