எடுப்பாரின்றிக் கிடந்த இசை

பார்சல் அலுவலகத்தில் இருக்கும் ஓர் எழுத்தன் இசையைப் பற்றி எழுத முற்படுவது அன்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். நமது படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. சுவர ஞானம் உண்டென்று சொல்லிக்கொள்ளவும் துணிவில்லை. ஆயினும் நமது தொழில் நமக்கு ஒன்றைக் கற்பித்திருக்கிறது. அனுப்பப்பட்ட பொருள் யாவும் சேர வேண்டியவரைச் சேர்ந்துவிடுவதில்லை. சீட்டுக் கிழிந்த மூட்டைகளும் முகவரி அழிந்த பெட்டிகளும் எடுப்பாரின்றி மூலையில் கிடக்கும். தவணை கடந்தால் ஏலத்துக்குப் போகும். ஆனால் ஏலத்துக்கு முந்திய நாள், கசங்கிய ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருவதும் உண்டு.

இசையிலும் அவ்வாறு கிடந்து, காலம் கடந்து உரியவரை அடைந்த சரக்குகள் உண்டென்பதை அண்மையில்தான் அறிந்தோம். அவற்றுள் நான்கை நமது சங்க அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் நமது குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நமது பாட்டனார் சேலம் ஜில்லாவிலிருந்து அகமதாபாத்துக்கு ஆலை வேலைக்கு வந்தவர். தந்தையார் இரயில்வேயில் சேர்ந்தார். 2011-இல் அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் நமக்குக் கலாசி வேலை கிடைத்தது. பின்னர் பரீட்சை எழுதி எழுத்தரானோம். அன்று நமக்கு வயது இருபது, தம்பிக்குப் பதினாறு. அவனிடம் பழைய காசியோ கீபோர்டு ஒன்று இருந்தது. இரவில் அனைவரும் உறங்கிய பின், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள் அதை வாங்கி நாமும் கேட்டோம். சினிமாப் பாட்டு இல்லை; கீர்த்தனை இல்லை. ஒரே சுவரம் நீண்டு நீண்டு போயிற்று. அதன் மேல் வேறொன்று வந்து படிந்தது. "இது என்னடா, மிஷின் முனகுவது போல?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை.

பாலிடெக்னிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் வந்தது. கையில் பணமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கீபோர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, எல்லிஸ் பாலத்தடியில் கூடும் குஜரி பஜாரில் விற்றுவிட்டு வந்தோம். குடும்பத் தலைவன் என்ற நினைப்பு. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி அழவில்லை, சண்டையிடவும் இல்லை. படித்து முடித்தான். இன்று கோயம்புத்தூரில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நம்மிடம் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அன்றிலிருந்து இசை என்ற சொல்லை நம் காதுபட அவன் உச்சரித்ததில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவுப் பணியின்போது, நம்முடன் வேலை பார்க்கும் குஜராத்தி இளைஞர் தம் கைப்பேசியில் ஒன்றைக் கேட்கச் செய்தார். "இது நம் ஊரில் செய்தது, அண்ணா" என்றார். நாம் நம்பவில்லை.

சபர்மதியின் மேற்குக் கரையில், பால்டி பகுதியில், 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. 1969-இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞர் அங்கு வந்து, மூக் என்னும் மின்னணு இசைக்கருவியையும் ஒலிநாடாப் பொறிகளையும் கொண்டு ஓர் ஒலிக்கூடம் அமைக்கத் துணை நின்றார். மூக் கருவியில் தந்தியில்லை, தோலில்லை, துளையில்லை. மின்னோட்டத்தின் அதிர்வே அதற்கு நாதம். பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பது போலக் கம்பிகளை இங்குமங்கும் செருகி, ஒலியின் உயரத்தையும் நிறத்தையும் மாற்ற வேண்டும். 1972 வரையில் நம் நாட்டவர் பலர் அந்தக் கூடத்தில் அமர்ந்து தம் மனம்போன வழியில் இசை செய்தனர். அவர்களுள் கீதா சாராபாய் பக்கவாஜ் வாசித்த பெண்மணி; 1946-இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேல்நாட்டு இசையைக் கற்றவர். எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கு பணி செய்தனர்.

பின்னர் அந்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுத்தார். 2023-இல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற பெயரில் அவை வெளிவந்தன. அன்பர்கள் முதலில் கேட்க வேண்டியது இதுவே. அதில் மாத்தூர் அவர்களின் ஒரு படைப்புக்கு, 'ஒரு காலத்தில் நான் தம்புரா மீட்டினேன்' என்று பொருள்படும் தலைப்பு. தலைப்பே போதும், ஒரு மனிதரின் கதை அதில் இருக்கிறது.

அன்றிரவு அதைக் கேட்டபோது நமக்கு உடல் சில்லிட்டது. ஒரே சுவரம் நீண்டு நீண்டு போயிற்று. அதன் மேல் வேறொன்று வந்து படிந்தது. 2011-இல் நம் வீட்டில் நாம் கேட்ட அதே போக்கு! நாம் கீபோர்டை விற்ற குஜரி பஜார் ஆற்றின் இக்கரை. அந்த நாடாக்கள் உறங்கிக் கிடந்த கட்டடம் அக்கரையில், நடந்து போகும் தூரம். தம்பிக்கு முன்னோர் இருந்திருக்கிறார்கள், அதுவும் நம் ஊரிலேயே. அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நாம் தேடத் தொடங்கினோம். இரண்டாவதாகக் கிடைத்தது பம்பாய்ச் சரக்கு. சரண்ஜித் சிங் என்பவர் ஹிந்தி சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். 1982-இல் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பெயர். அக்காலத்தில் அது விலைபோகவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில இளைஞர்கள் அதே ரோலண்ட் கருவிகளுள் ஒன்றைக் கொண்டு செய்த நடன இசை உலகெங்கும் பரவியது. பம்பாய்க்காரர் அதை ஒத்த ஒன்றை முன்னதாகவே செய்துவிட்டார் என்பது 2010-இல் அத்தட்டு மறுபடி வெளியானபோதுதான் பலருக்கும் தெரிந்தது. நல்லவேளை, அவர் அதைக் காண உயிரோடிருந்தார், 2015-இல் மறைந்தார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவருடைய பூபாளி நமது மோகனம். மால்கௌன்ஸ் நமது ஹிந்தோளம். யமன் நமது கல்யாணிக்கு உறவு. தாளம் விடாப்பிடியாக அடித்துக்கொண்டே போகும்; அதன் மேல் ராகம் வழுக்கிக்கொண்டு செல்லும். முதலில் சிரிப்பு வரும். மூன்றாவது ராகத்துக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடும்.

மூன்றாவது, காமரூன் நாட்டுக்காரரான பிரான்சிஸ் பெபே. 1929-இல் டுவாலா நகரில் பிறந்தவர், நாவலாசிரியர், பாரிஸில் யுனெஸ்கோ அலுவலகத்தில் இசைத்துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1974-இல் அந்த வேலையை விட்டார். பிறகு பாரிஸில் தம் வீட்டிலேயே மின்னணுக் கருவிகளையும் தாளப்பொறியையும், தம் நாட்டின் கட்டைவிரல் வாத்தியமான சான்ஸாவையும் மூங்கில் குழலையும் சேர்த்துப் பதிவு செய்தார். 2001-இல் அவர் இறந்து பத்து ஆண்டுகள் சென்ற பின், 2011-இல், 'ஆப்பிரிக்கன் எலக்ட்ரானிக் மியூசிக் 1975–1982' என்ற தொகுப்பு வந்தது. ஒரு கால் தாய்நாட்டிலும் ஒரு கால் பிழைக்க வந்த ஊரிலுமாக நிற்கும் மனிதரின் நகைச்சுவை இதில் கேட்கும். நமக்கு அந்த நிலை புதிதன்று.

நான்காவதே நமது நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. ஹைலு மெர்கியா எத்தியோப்பியர், 1946-இல் பிறந்தவர். அடிஸ் அபாபாவில் வாலியாஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்துப் புகழ்பெற்றவர். 1981-இல் அக்குழு அமெரிக்கா சென்றது. அவரும் வேறு சிலரும் அங்கேயே தங்கினர். 1985-இல் வாஷிங்டனில் தனியொருவராக அமர்ந்து, இளமையில் பயின்ற அக்கார்டியனையும் மின்னணுக் கருவிகளையும் தாமே வாசித்து ஒரு கேசட் வெளியிட்டார். 'ஷெமோன்முவானாயே' என்பது அதன் பெயர். பின்னர் மேடையை விட்டு, விமான நிலையத்தில் டாக்சி ஓட்டலானார். ஆனால் வண்டியின் பின்பெட்டியில் பேட்டரியில் இயங்கும் கீபோர்டு ஒன்று எப்போதும் இருந்தது. சவாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்து வாசிப்பார். அமெரிக்கர் ஒருவர் எத்தியோப்பியாவில் அந்தப் பழைய கேசட்டை வாங்கிக் கேட்டு, அவரைத் தேடிக் கண்டுபிடித்து, 2013-இல் அதை மறுபடி வெளியிட்டார். மெர்கியா மேடைக்குத் திரும்பினார். 2018-இல் 'லாலா பேலு' என்ற புதிய தொகுப்பையும் தந்தார்.

அந்த இசை பெரும்பாலும் ஐந்து சுவரங்களுக்குள் உலவுவது. நமது ஔடவ ராகங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பாஷை தெரியாத ஊரில், மாலை நேரத்தில், யாரோ நம் தெருப் பாட்டை முணுமுணுப்பது போல இருக்கும்.

'இயந்திரம் பாடுமா?' என்று பெரியோர் கேட்கலாம். நாமும் அதையே கேட்டவர்தாம். ஆனால் வயலின் எங்கிருந்து வந்தது? மேல்நாட்டு வாத்தியமான அதைப் பாலுஸ்வாமி தீட்சிதர் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்து, 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது. அதற்காக வீடுகளிலும் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் அது வாய் மூடிக் கிடக்கவில்லை. கருவி எதுவாயினும் அதன் முன்னே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. அதைக் கவனியாமல் கருவியை மட்டும் பார்த்தது நமது பிழை.

முதல் தொகுப்பைத் தம்பிக்கு அனுப்பினோம். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள், "கேட்டேன் அண்ணா" என்று இரண்டே சொற்கள் வந்தன. பின்னர் மெர்கியாவை அனுப்பி, டாக்சிக் கதையையும் எழுதினோம். அன்றிரவு அவனே தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணா, அந்தப் புதுத் தொகுப்பு வந்தபோது அவருக்கு என்ன வயது?"

"எழுபதுக்கு மேல்."

சற்று நேரம் பேச்சில்லை. "எனக்கு முப்பதுதானே ஆகிறது" என்றான்.

"அன்று உன்னைக் கேட்காமல் விற்றது தவறு, தம்பி. இப்போது ஒரு கீபோர்டு வாங்கி அனுப்புகிறேன்" என்றோம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டையில் நின்றிருந்த வாக்கியம் அது.

"வேண்டாம் அண்ணா. வாங்குவதாயிருந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. பிறகு வீட்டுச் செய்திகளைப் பேசிவிட்டு வைத்தான். அவன் வாங்கினானா என்று இதுவரை நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை நமக்கு உடனே திரும்பிவிடாது.

அன்பர்களே! இந்நான்கும் கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. ஓய்வான ஓரிரவில், ஒரு முறைக்கு ஒன்றாகக் கேளுங்கள். பிடிக்கவில்லையாயின் குறையொன்றுமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் மகனோ, மகளோ, தம்பியோ, தங்கையோ, உங்களுக்கு விளங்காத ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தால், அதை நிறுத்தச் சொல்லுமுன் ஐந்து நிமிடம் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் சரக்கு அது. ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கக்கூடும்.