ஒரே டிக்கெட்டா, ஊருக்கொரு டிக்கெட்டா?

எங்கள் வீட்டில் காசிப் பயணம் என்பது பல வருடப் பேச்சு. மாமனார் காலமான பிறகு, "கயாவிலே அவருக்கு ஒரு பிண்டம் போட்டுட்டா என் கடமை முடிஞ்சது" என்று அத்தை சொல்லாத அமாவாசை கிடையாது. சின்னவளுக்கு அம்மை, என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும். கடைசியில் 2018இல் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பெரியவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்ததும் மே மாத ஆரம்பத்தில் கிளம்புவதென்று தீர்மானித்தோம். அந்த வெயிலில் யாராவது காசிக்குப் போவார்களா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு வேறு எந்த மாதம் இருக்கிறது, சொல்லுங்கள்!

சென்னையில் ஏறி அலகாபாத் (அந்த வருடக் கடைசியில்தான் அது பிரயாக்ராஜ் ஆயிற்று), அங்கிருந்து காசி, கயா, ஹவுரா, பூரி, பிறகு கடற்கரை ஓரமாகவே சென்னை. இதுதான் எங்கள் திட்டம். ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்புவதால், ரயில் பாதையில் பெரிய வட்டம் போட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் மாடி வீட்டு அக்கா ஒரு சேதி சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். "இப்படி வட்டமாச் சுத்தி வர்றதுக்குன்னே ஒரு டிக்கெட் இருக்கும்மா. சர்க்குலர் ஜர்னி டிக்கெட். கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பி வரணும். நடுவிலே எட்டு இடம் வரைக்கும் இறங்கி ஏறலாம். காசு ரொம்ப மிச்சம்" என்றார்கள்.

எப்படி மிச்சம் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அண்ணாச்சி கடைக் கணக்கு மாதிரி யோசித்துப் பார்த்தேன். அரிசியைக் கிலோ கிலோவாக வாங்கினால் ஒரு விலை, மூட்டையாக வாங்கினால் ஒரு விலை இல்லையா? ரயிலிலும் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகிற காசு குறைந்துகொண்டே வரும். ஊருக்கு ஊர் தனி டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் கிலோமீட்டரின் கூடுதல் விலையிலிருந்து ஆரம்பிக்கிறோம். சுற்று டிக்கெட்டில் அப்படியில்லை. மொத்தத் தூரத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து, இரண்டு நீளப் பயணங்களாகக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் வட்டம் 4,500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டு கட்டம் போட்டு எழுதினோம். மூன்றடுக்கு ஏ.சி.யில் அத்தைக்கு அரை டிக்கெட், எங்கள் நாலு பேருக்கும் முழு டிக்கெட். சின்னவளுக்குப் பத்து வயதுதான். ஆனால் தனியாகப் படுக்கை வேண்டுமானால் குழந்தைக்கும் முழுக் கட்டணம் என்று 2016இலேயே ஆக்கிவிட்டார்கள். (அத்தை போன்ற வயதான பெண்களுக்கு அப்போது பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் அதை நிறுத்திவிட்டார்கள்.) கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுற்று டிக்கெட்டில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை!

எனக்குக் கண் விரிந்துவிட்டது. கொஞ்சம் அலைச்சல் உண்டுதான். வழியை எழுதி எடுத்துக்கொண்டு ரயில்வேயின் கோட்ட வணிக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர்கள் கணக்குப் போட்டு ஒரு படிவம் தருவார்கள். அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி, அப்புறம் ஒவ்வொரு ரயிலுக்கும் தனித் தனியாக ரிசர்வேஷன் செய்துகொள்ள வேண்டும். சுற்று டிக்கெட் கையில் இருக்கிறது என்பதற்காகப் படுக்கை தானாகக் கிடைத்துவிடாது. இது பலருக்குத் தெரியவில்லை. ரிசர்வேஷன் கட்டணமும் எந்த முறையில் எடுத்தாலும் ரயிலுக்கு ரயில் கட்டத்தான் வேண்டும். ஆனாலும் நாலாயிரம் ரூபாய்க்காக இரண்டு நாள் அலையலாமே என்று இவரும் நானும் முடிவே செய்துவிட்டோம்.

அன்று ராத்திரி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை மெதுவாக வந்து நின்றார்கள்.

"ஏம்மா, ஒரே டிக்கெட்டுங்கிறியே... நடுவிலே எனக்கு முடியலேன்னா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை."

"ஆகாதுதான். ஆனா ஆச்சுன்னா? என்னாலே உங்க எல்லாரோட டிக்கெட்டும் வீணாப் போயிடுமோன்னு நினைச்சுக்கிட்டே வந்தா நான் சாமியை எங்கே கும்பிடறது?"

கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்தைக்கு அப்போது 69 வயது. சர்க்கரை உண்டு, மாலையானால் கால் வீங்கும். இதெல்லாம் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான். ஆனால் காலண்டர் தாளில் நாங்கள் எழுதிய எந்தக் கட்டத்திலும் அத்தையின் கால் வரவில்லை, பாருங்கள்!

சுற்று டிக்கெட்டுக்கு நாள் தாராளம். பயணத்துக்கு 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள், தங்குவதற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே கிடைத்திருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்த வழி எழுதிக் கொடுத்த வழிதான். காசியிலிருந்து நேரே வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அது உதவாது. இவரிடம் சொன்னபோது, "அம்மா சும்மா பயப்படறாங்க. நாலாயிரத்தை ஆத்திலே போடச் சொல்றியா?" என்று கோபித்தார். இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேச்சில்லை. மூன்றாம் நாள் இவரே போய் ஊருக்கொரு டிக்கெட்டாக ரிசர்வ் செய்துவிட்டு வந்தார். அப்போது 120 நாள் முன்னாலேயே எடுக்கலாம் என்பதால் எல்லா ரயிலிலும் படுக்கை கிடைத்தது. (2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகக் குறைந்துவிட்டது.)

அலகாபாத்தில் சங்கம ஸ்நானம் நல்லபடியாக நடந்தது. படகில் அத்தை சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காசிக்கு வந்த இரண்டாம் நாள்தான் வினை. விசுவநாதர் கோயில் சந்துகளில் மத்தியானம் வரை வரிசை. அறைக்குத் திரும்பியதும் வாந்தி. சாயங்காலத்துக்குள் எழுந்து உட்காரவே முடியவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வெயிலில் உடம்பின் நீர்ச்சத்து வற்றிவிட்டது, சர்க்கரையும் ஏறியிருக்கிறது, இனி ஊர் ஊராக அலையக் கூடாது என்றார் டாக்டர். தாகம் எடுக்கவில்லை என்று அத்தை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். ரயிலில் அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டுமே என்கிற பயம்தான் காரணம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். கேட்டால் "குடிச்சேனே" என்பார்கள். நம் கண் முன்னால் டம்ளரைக் காலி செய்ய வைக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க இவரும் நானும் வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். கயா காரியத்தை விட முடியாது. அதற்காகத்தானே வந்ததே! கடைசியில் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தோம். இவரும் பெரியவளும் கயா, ஹவுரா, பூரி என்று திட்டப்படி போவது. அத்தையும் நானும் சின்னவளும் சென்னைக்குத் திரும்புவது.

காலையில் இவர் ஸ்டேஷனுக்குப் போய், ஒரே டிக்கெட்டில் இருந்த ஐந்து பேரில் எங்கள் மூவரை மட்டும் ரத்து செய்தார். மறுநாள் கயா வண்டிக்கு 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்ததால் கால் பங்கு பிடித்தார்கள். அதற்கப்புறம் இருந்த மூன்று ரயில்களுக்கும் ஆளுக்கு 180 ரூபாயும் அதற்கான வரியும்தான் பிடித்தம். கிட்டத்தட்ட ஐயாயிரத்து எழுநூறு ரூபாய் திரும்பி வந்தது. அது எங்கே தங்கியது? மொகல்சராய் வழியாகச் சென்னைக்கு வரும் ரயிலில் தத்கலில் மூன்று படுக்கை எடுத்ததில் அதற்கு மேலேயே போய்விட்டது. தத்கலில் வயதானவர்களுக்குச் சலுகை கிடையாது என்பது கவுண்டரில் நின்றபோதுதான் தெரிந்ததாம்.

வரும் வழியெல்லாம் அத்தை பேசவேயில்லை. நாகபுரி தாண்டிய பிறகு, "நான் கேட்டேனே அன்னிக்கு" என்று மட்டும் சொன்னார்கள். நான் உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். வாங்கிக் குடித்தார்கள்.

இவர் இன்றைக்கும் அந்த நாலாயிரத்தை மறக்கவில்லை. "எல்லாரும் நல்லாப் போயிட்டு வந்திருந்தா நஷ்டம்தானே?" என்பார். அதுவும் உண்மைதான். என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் அடுத்த வருடமே சுற்று டிக்கெட் எடுத்து மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம் என்று சுற்றிவிட்டு வந்தார்கள். இரண்டே பேர், திடமான உடம்பு, லீவு முடிகிற கவலையில்லை. செலவு எவ்வளவு குறைந்தது என்று தீபாவளி வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டு எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினால் நானும் அந்தப் படிவத்தைத்தான் தேடிப் போவேன்.

இவரும் பெரியவளும் ஒரு வாரம் கழித்து வந்தார்கள். கயாவில் பிண்டம் போட்ட விவரத்தை அத்தை ஒன்று விடாமல் கேட்டார்கள். எந்த இடத்தில் உட்கார்ந்தாய், எள்ளு யார் கொடுத்தது, அப்பா பேரைச் சரியாகச் சொன்னாயா என்று மூன்று தடவை கேட்டிருப்பார்கள். பெரியவள் பூரியிலிருந்து நிர்மால்யம் வாங்கி வந்திருந்தாள். ஜகந்நாதர் பிரசாதச் சோற்றை உலர்த்திச் சின்னச் சிவப்புத் துணிப் பையில் கட்டித் தருவார்களே, அதுதான். அத்தை அதிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பையைச் சாமி அலமாரியில் மாமனார் படத்துக்குக் கீழே வைத்தார்கள்.